பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்

ஷெர்லினின் வேலை மற்றவர்களின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பது. விடுதிக்குப் புதிதாக வந்த ஒரு பெண் முதல்முறையாகச் செயலியைத் திறக்கும்போது, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். விரல் எங்கே தயங்காமல் போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே தவறான இடத்தில் படுகிறது என்று நொடிக் கணக்கோடு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு ஒரகடம் கூட்டுரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அலுவலகத்துக்குப் போய், விரல் நின்ற இடங்களைத் திருத்துவாள்.

செயலியின் பெயர் துணை. தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் தன் பெண்கள் விடுதிகளுக்காகச் செய்யச் சொன்னது. கேட்டைத் தாண்ட, வேன் நேரம் பார்க்க, லீவு கேட்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரை நாற்பத்திரண்டு விடுதிகள். சேரும் நாளன்று துணை போனில் ஏறாவிட்டால் சாப்பாட்டு டோக்கன் வராது.

ஷெர்லினுக்கு இருபத்தேழு வயது. வல்லம் பக்கத்துக் கிராமம். அப்பா ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் செக்யூரிட்டி. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடம் போன் தொழிற்சாலையில் லைனில் நின்றாள். எட்டு பேர் இருக்கும் இந்த அலுவலகத்தில் லைனில் நின்றவள் அவள் ஒருத்திதான். அதனால் முதல் நாள் திரைகள் அவள் பொறுப்புக்கு வந்தன.

அவள் சேர்ந்தபோது அவை பதினொன்று இருந்தன. பெயர், ஊர், அப்பா பெயர், அவசர எண், அதே எண் மறுபடி, சம்மதம், இன்னொரு சம்மதம். பெண்கள் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். ஷெர்லின் ஒவ்வொன்றாக எடுத்தாள். முன்பு இந்த வட்டாரத்தில் ஏதாவது விடுதியில் இருந்தவள் ஆதார் எண்ணைப் போட்டால் போதும், பழைய விவரம் தானாக வந்து நிரம்பிவிடும். பதினொன்று நான்காகியது. இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடமாகியது.

நான்காவது திரைதான் அவளுக்குப் பெருமை. தெற்கத்திப் பெண்கள் இரவு பஸ்ஸில் வந்து பெருங்களத்தூரில் இறங்கி விடுதிக்கு வந்து சேர்வதற்குள் போனில் சார்ஜ் இருக்காது. வீட்டில் உள்ளவர்கள் விடுதிப் பொறுப்பாளர் கங்கம்மாளைத்தான் கூப்பிடுவார்கள்.

"காலைலேந்து எம்பது போனு," என்று கங்கம்மாள் ஒருநாள் அவளிடம் புலம்பினாள். "ஒவ்வொரு அம்மாவுக்கும் 'வந்துச்சும்மா, இட்லி துன்னுச்சும்மா'ன்னு சொல்லிகினே கீறேன். நான் இன்னா வார்டனா, ரேடியோவா?"

அந்த வாரமே ஷெர்லின் வழி கண்டுபிடித்தாள். கடைசித் திரையில் 'முடிந்தது' என்ற பச்சைப் பொத்தானை அழுத்தியதும் வீட்டு எண்ணுக்கு ஒரு செய்தி போகும். 'உங்கள் வீட்டுப் பெண் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்.' கீழே விடுதி முகவரி, வரைபடத்துக்கு ஒரு லிங்க். சாதாரண போன் வைத்திருப்பவர்கள் லிங்கைத் திறக்க முடியாது என்று யோசித்து முகவரியை முழுதாக எழுதியது அவள்தான். கங்கம்மாளின் போன் அமைதியாகியது. மேலாளர் பிரசன்னா அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கங்கம்மாளின் விடுதிக்குப் பதினெட்டுப் புதிய பெண்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை. முகத்தைப் படம் எடுக்கும் திரையில் சிரிப்பு ஓயவில்லை.

"ஏட்டி, மூஞ்சி வட்டத்துக்குள்ள இருக்கணுமாம். ஒனக்கு ரெண்டு வட்டம் வேணும்."

"ஒனக்கு வட்டமே வேண்டாம், புள்ளி போதும்."

ஒன்பதாவதாக உட்கார்ந்தவள் சிரிக்கவில்லை. பெயர் பாண்டிச்செல்வி. இருபத்தொரு வயது. முதல் மூன்று திரைகளையும் நாற்பது நொடியில் முடித்தாள். ஷெர்லின் அதுவரை எழுதியதிலேயே வேகமான விரல் அதுதான். நான்காவது திரையில் அது நின்றது. பத்து நொடி. இருபது. நாற்பது. பச்சைப் பொத்தானுக்கு ஓர் அங்குலம் மேலே, வீட்டு எண்ணுக்கு நேராக, கட்டைவிரல் அப்படியே இருந்தது.

யார் போனையும் தொடக் கூடாது என்பது ஷெர்லின் தனக்குப் போட்டுக்கொண்ட விதி. நிற்பவள் ஏன் நிற்கிறாள் என்று பார்ப்பதுதான் வேலை, அவளுக்குப் பதிலாக அழுத்துவது அல்ல. ஆனால் அன்று பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். எட்டு பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்திருந்தார்கள். இவள் ஒருத்தியால் சராசரி கெட்டுப்போகும். படிக்கத் திணறுகிறாள் என்று நினைத்தாள்.

"அவ்ளோதாம்மா, இதான் கடைசி," என்று சொல்லிக் கையை நீட்டிப் பச்சையை அழுத்தினாள்.

திரையில் டிக் வந்தது. பாண்டிச்செல்வி விரலை மடக்கிக்கொண்டாள்.

"போயிருச்சாக்கா?"

"எது?"

"மெசேஜு."

"போயிடுச்சி. வீட்ல இனிமே கவலைப்பட மாட்டாங்க."

"போனதத் திருப்பி எடுக்க முடியாதா?"

"ஏன்?"

"அது எங்க அண்ணன் நம்பரு. நான் ஏஜென்ட்டுக்கிட்ட ஃப்ரெண்டு நம்பர்தான் குடுத்தேன். இது எப்படி வந்துச்சு?"

எப்படி வந்தது என்று ஷெர்லினுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே வட்டாரத்தில் வேறொரு விடுதியில் அவள் ஆறு மாதம் இருந்திருக்கிறாள். ஆதார் எண்ணைப் போட்டதும் பழைய வீட்டு எண் வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் எதையும் மறுபடி டைப் செய்ய வேண்டியதில்லை.

கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்று பாண்டிச்செல்வி மீதியைச் சொன்னாள். அழாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வீட்டை விட்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் இசக்கிபாண்டி ஊரில் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தான்.

"எங்க சித்தப்பா மக ஒருத்தி இப்படித்தான் போனா. கூட்டிட்டு வந்தாங்க. வண்டியில இருந்து எறங்குனத நான் பாத்தேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் அவ பேரச் சொல்லுறதில்ல."

"இப்ப அவங்க எங்க?"

பாண்டிச்செல்வி குழாயைத் திறந்து கையை நனைத்தாள். 

"போலீஸ்க்குப் போலாமா?"

"அந்த அக்காவ ஸ்டேஷன்ல வச்சுத்தான் ஒப்படைச்சாங்க."

ஷெர்லின் தன் போனில் அலுவலகக் கணக்கைத் திறந்தாள். செய்தி போன நேரம் 10:20. லிங்க் திறக்கப்பட்ட நேரம் 10:24, சங்கரன்கோவில். லிங்க் ஒவ்வொரு முறையும் எந்த ஊரில் திறக்கப்படுகிறது என்று தெரிந்தால் பெற்றோருக்கு அது பயன்படுகிறதா என்று பார்க்கலாம் என்பதற்காக வைத்த வசதி அது.

"பாத்துட்டாங்க," என்றாள். "உனக்குக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல. கோவம்னா திட்டுறதுக்காவது கூப்பிடுவாங்கக்கா. கூப்பிடலன்னா கெளம்பிட்டாங்க."

அலுவலகத்துக்குப் போய்ப் பிரசன்னாவிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. நாற்காலியைத் திருப்பி, முழுவதையும் கேட்டான்.

"லிங்க ஆஃப் பண்றேன். ஆனா அட்ரஸ் மெசேஜ்லயே இருக்கே ஷெர்லின்?"

"இருக்கு."

"அப்ப ஆஃப் பண்ணி என்ன பிரயோஜனம்? நம்பரை வேணா மாத்தச் சொல்லு."

"வீட்டு நம்பரை மாத்தணும்னா அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும்."

"ஆமா. பேரன்ட்ஸ் கேட்டு வாங்கின ரூல் அது. அதைப் பாத்துதான் பொண்ணுங்கள அனுப்பவே ஒத்துக்கறாங்க. அத எடுக்கச் சொன்னா க்ளையன்ட் ஒத்துக்க மாட்டான்." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஃபேமிலி மேட்டர். ஒருவேளை பேசிச் சமாதானமாத் திரும்பிடுவாங்க," என்றான்.

லிங்கை நிறுத்த வேண்டாம் என்று ஷெர்லினே சொன்னாள். இசக்கிபாண்டி எங்கே இருக்கிறான் என்று தெரிய அது ஒன்றுதான் வழி.

1:35, மதுரை.

திரையில் ஒரு வரி மட்டும் கூடியது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் யாரோ தயிர்சாத டப்பாவைத் திறந்தார்கள்.

3:50, திருச்சி.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. விடுதிக்குப் போய், "இந்தப் பொண்ணு போன்ல ஒரு கோளாறு. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று கங்கம்மாளிடம் சொன்னாள். கங்கம்மாள் கேட்டுக்கு ஒப்புதல் கொடுத்தாள். இருவரும் ஷேர் ஆட்டோவில் படப்பை வந்து இறங்கினார்கள். பாண்டிச்செல்வியிடம் ஒரு தோள்பை மட்டும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று சிம்மைக் கழற்றி, பல்லால் கடித்து வளைத்துச் சாக்கடையில் போட்டாள்.

"எங்க போவ?"

"சொல்ல மாட்டேங்க்கா."

ஷெர்லினுக்கு வலித்தது. ஆனால் அது சரி என்றும் தெரிந்தது. கையிலிருந்த ஐந்நூறு ரூபாயை நீட்டினாள். பாண்டிச்செல்வி வாங்கிக்கொண்டு தாம்பரம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. ஷெர்லின் போனைப் பார்த்தபோது மணி 6:25. விழுப்புரம்.

எட்டே காலுக்குக் கங்கம்மாள் கூப்பிட்டாள். "இன்னா ஷெர்லினு, அந்தப் பொண்ண எங்க வுட்ட? அவங்க அண்ணன் வந்து நிக்கறாரு. வாம்மா சீக்கிரம்."

விடுதி வாசலில் வெள்ளை வேன் ஒன்று. உள்ளே நான்கு ஆண்கள் கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நின்றவன் முப்பது வயதிருக்கும், துவைத்துத் தேய்த்த சட்டை. கையில் சேவு பொட்டலம் இருந்த பை. கத்துவான் என்று நினைத்துத்தான் ஷெர்லின் வந்தாள்.

"நீங்கதான் மெசேஜ் அனுப்புற ஆபீசா தங்கச்சி?" என்றான். "ரொம்ப நன்றி. பதினோரு நாளா தேடுதோம். எங்க அம்மா சாப்பிடல. ஒங்க மெசேஜப் பாத்துத்தான் ஒரு வாய் காப்பி குடிச்சா."

"போனைச் சரி பண்ணிக் குடுத்தேன். ஹாஸ்டலுக்குப் போறேன்னுதான் சொன்னாங்க," என்றாள் ஷெர்லின்.

"அப்படியா."

"ஆமாண்ணா."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். வேனுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏன் சார் கவலப்படறீங்க," என்று கங்கம்மாள் நடுவில் வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பெண்ணைக் காணோம் என்ற பதற்றம் மட்டும்தான். "இந்த ஏரியால எந்த ஹாஸ்டல்ல சேந்தாலும் இதே ஆப்புதான். ஆதார் போட்ட ஒடனே ஒங்க நம்பருக்கு மெசேஜ் வந்துடும். நல்ல சிஸ்டம் சார், இந்தப் பொண்ணுதான் பண்ணுச்சி. நான் வார்டன்ங்க வாட்ஸப் குரூப்லயும் அந்தப் பொண்ணு போட்டோ போட்டு, ஒங்க நம்பரையும் போட்டு வெக்கிறேன்."

"நல்ல ஆப்புதான்," என்றான் இசக்கிபாண்டி. சேவுப் பொட்டலத்தை எடுத்து ஷெர்லின் கையில் வைத்தான். "சாப்பிடுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

வேன் மறுநாள் ஊருக்குத் திரும்பியது. அவன் திரும்பவில்லை. ஒரகடத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பழைய பைக் ஒன்று வாங்கினான். தினமும் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே கோதண்டத்தின் டீக்கடையில், மாடிப்படி தெரியும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். அவள் போகும்போதும் வரும்போதும், "சாப்பிட்டாச்சா தங்கச்சி?" என்று கேட்பான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியை மட்டும் இரண்டு முறை மாற்றினாள்.

பாண்டிச்செல்வி எங்காவது ஒரு விடுதியில் சேர்ந்தாக வேண்டும். அவளுக்குத் தெரிந்த வேலை இதுதான். ஆதார் இல்லாமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். பழைய எண் மறுபடியும் வந்து நிரம்பும் என்று அவளை எச்சரிக்க ஷெர்லினிடம் அவளுடைய எண்கூட இல்லை.

பத்து நாள் யோசித்து, பிரசன்னாவிடம் வேறு காரணம் சொன்னாள். "சில போன்ல லொகேஷன் தப்பாப் போகுது. வேற விடுதியைக் காட்டுது. மெசேஜ பத்து நிமிஷம் நிறுத்தி அனுப்பினா சரியாயிடும்."

"பத்து நிமிஷம் பரவால்ல," என்றான் அவன்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் யாருடைய செய்தியையும் ஒரு நாள் நிறுத்திவைக்கும் பொத்தான் ஒன்றையும் அலுவலகத் திரையில் வைத்தாள். ஒரு நாளுக்கு மேல் நிறுத்த பிரசன்னா ஒப்புதல் தர வேண்டும். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அன்றிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை புதிதாகச் சேருபவர்களின் பட்டியல் அவள் திரையில் ஓர் ஓரத்தில் திறந்தே இருந்தது. நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது பெயர்கள். சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துக்கொண்டாள். பாத்ரூம் போனால் ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன அன்று உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள். பாண்டியம்மாள், பாண்டிமீனா, செல்வி. பெயர் பாதி ஒத்துவந்தாலே விரல் பொத்தானுக்குப் போகும். எதிர்க் கடையில் அவனும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். இருவரும் காத்திருந்தது ஒரே செய்திக்கு.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை, 11:12. பாண்டிச்செல்வி, வயது 21, வல்லம் வடகால், விடுதி முப்பத்தொன்று.

ஷெர்லின் பொத்தானை அழுத்தினாள். 'நிறுத்தப்பட்டது' என்று வந்தது. மறுபடி திறந்து, உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பட்டியலில் இருந்த புதிய எண்ணைக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"ஷெர்லின்."

மறுமுனையில் சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சல் கேட்டது.

"போயிருச்சாக்கா?"

"இல்ல. நிறுத்திட்டேன்."

"ஒரு மணி நேரமா அழுத்தாமலே இருந்தேங்க்கா. போட்டாத்தான் சாப்பாடுன்னுட்டாங்க." மூச்சை இழுத்துவிட்டாள். "அப்ப வேலைக்குப் போலாமா? ரெண்டு மணிக்கு வேன் வருதாம்."

ஷெர்லினுக்கு ஐந்து வாரத்தில் முதல்முறையாகத் தோள் இறங்கியது. நாளைக்குள் பிரசன்னாவிடம் உண்மையைச் சொல்லலாம். அழலாம். காலில்கூட விழலாம். ஒரு நாள் இருக்கிறது.

"அங்க யாராவது உன்னைத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இல்லக்கா. வார்டன் மட்டும் கொஞ்ச நேரமா என்னையவே பாத்துக்கிட்டு இருக்காங்க. காலைல கேட்டுக்குள்ள வரும்போது எம்மூஞ்சியப் பாத்துட்டுப் போன எடுத்துப் பாத்தாங்க. அப்புறம் நல்லாத்தான் பேசுனாங்க. பேரக் கேட்டாங்க, ஊரக் கேட்டாங்க."

வார்டன்கள் குரூப்பில் கங்கம்மாள் போட்ட போட்டோ நினைவுக்கு வர, ஷெர்லின் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியை நகர்த்தினாள். டீக்கடையில் ஸ்டூல் காலியாக இருந்தது. பைக் இல்லை. ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட அந்த ஸ்டூல் இந்த நேரத்தில் காலியாக இருந்ததில்லை. காலையிலிருந்து திரையை விட்டுக் கண்ணை எடுக்காததால் அவள் கவனிக்கவில்லை.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கி ரோட்டைக் கடந்தாள். "கோதண்டண்ணே, இங்க உக்காந்திருப்பாரே..."

"ஊருக்காரரா? காலைல வந்தாரும்மா. ஒரு போன் வந்திச்சி. டீயக்கூடத் தொடல. வல்லம் ரோட்ல வுட்டாரு வண்டிய. இங்கயே யாரோட வேனையோ வாடகைக்குக் கூப்ட்டு, வழி சொல்லிகினே போனாரு."

"எப்போ?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அக்கா," என்றது போன். "இருக்கீங்களா?"

"பாண்டிச்செல்வி, அந்த ஹாஸ்டலுக்குப் பின்னாடி வழி இருக்கா?"

"ஏங்க்கா?"

"இருக்கா இல்லையா?"

"இருக்கு. குப்பை எடுக்குற வழி. ஆனா பூட்டியிருக்கும். வார்டன் கிட்டதான் சாவி." காலடிச் சத்தம் நகர்ந்தது. "வாசல்ல ஏதோ வேன் வந்து நிக்குதுக்கா. கம்பெனி வேனான்னு தெரியல. மணி இன்னும் ரெண்டாகலயே."

ஷெர்லின் நடுரோட்டில் நின்று வந்துகொண்டிருந்த ஷேர் ஆட்டோவைக் கையை நீட்டி மறித்தாள்.

"வெளிய போகாத. யாரு கூப்பிட்டாலும் போகாத. அங்க இருக்கற பொண்ணுங்க எல்லாரையும் உன் பக்கத்துல நிக்கச் சொல்லு. சத்தம் போடு. கேக்குதா?"

"கேக்குதுக்கா," என்றாள் பாண்டிச்செல்வி. பிறகு வேறு யாருக்கோ பதில் சொல்லும் குரலில், மெதுவாக, "ஆமா, நான்தான்," என்றாள்.